வாண்டா பியட்ராஸ் பாடிய இரண்டாம் பாதி

'சர்வதேச மேடைகளில் முழங்கிய குரல்' என்று எங்கள் டெட்ராய்ட் ஓபரா குழுவின் கையேடு ஆண்டுதோறும் வாண்டா பியட்ராஸை அறிமுகப்படுத்தியது. சர்வதேசம் என்றது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கனடாவின் வின்ட்சரை. அங்கே ஒரு வாரம் பாடினார். முழங்கினாரா என்று கேட்டால், தொண்டை கட்டியிருந்தது என்பார்.

மற்றபடி பதினான்கு ஆண்டுகளாக அவர் மாற்றுப் பாடகி. நாயகியின் பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். காட்சி நடக்கும்போது அரங்கிலிருந்து பத்து நிமிடத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். நாயகிக்கு முடியாமல் போனால்தான் வேலை. ஒருவருக்கும் முடியாமல் போகவில்லை, காரணம் வாண்டாவேதான். நாயகி ஒருமுறை தும்மினால் போதும், பூண்டு தட்டிப்போட்ட கோழி சூப்போடு வந்து நிற்பார்.

"உன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிறியே," என்பேன். நான் கோரஸில் பாடுபவள்.

"அதுக்காக அந்தப் பொண்ணு இருமிக்கிட்டே கெடக்கணுமா? நீ பேசாம சூப்பைக் குடி."

வாண்டாவின் ஐம்பத்தாறாவது வயதில், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று கடிதம் வந்தது. இந்த மேடையில் ஒரு தடவையாவது நாயகியின் பாட்டைப் பாடிவிட வேண்டும் என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். அந்த ஆண்டின் கடைசிக் காட்சி, ஞாயிறு மதியம். இடைவேளையில் நாயகி மார்கரெட் லூமிஸின் குரல் சுத்தமாகப் போய்விட்டது. சூப்புக்கும் மசியவில்லை.

மேடை மேலாளர் மில்ட் ஓடி வந்தார். லூமிஸ் ஆறடி, வாண்டா ஐந்தடி. அந்த உடைக்குள் இரண்டு வாண்டா நுழையலாம்.

"அவ வாயசைச்சு நடிக்கட்டும். நீ ஓரமா நின்னு பாடிடும்மா."

"திரைக்குப் பின்னாடியா?"

"சேச்சே, மேடையிலதான். வெளிச்சம் மட்டும் வராது. நோட்டு வைக்க ஸ்டாண்டு வேணுமா?"

"எதுக்குய்யா? பதினாலு வருஷமா வேற என்ன பண்ணிட்டிருந்தேன்?"

லூமிஸுக்குக் குரல் கொடுப்பவர் வாண்டா என்று அரங்கில் அறிவிப்புச் செய்தார்கள். பாதிப்பேர் அப்போது வெளியே மது வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள். அதில் பத்திரிகை விமர்சகரும் ஒருவர். இடைவேளைக்குப் பிறகு லூமிஸின் குரல் அபாரமாகக் கனிந்துவிட்டது என்று மறுநாள் எழுதினார்.

லூமிஸுக்கு ஒரே கூச்சம். திருத்தம் போடச் சொல்லப் பத்திரிகைக்குப் போன் செய்யக் கிளம்பினார்.

"விடு கண்ணு," என்றார் வாண்டா. "திருத்தம்னா மூணு வரி போடுவான். இது பத்து வரி. நல்லாவும் எழுதியிருக்கான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, மேடையின் இடது ஓரத்தில் கம்பளிச் சட்டையோடு நின்று, நாயகியின் இரண்டாம் பாதி முழுவதையும் வாண்டா பியட்ராஸ் பாடினார்.