தாள் கொடுக்கும் நாள்

பாடம் நடத்துவது மணி அடித்தால் முடிந்துவிடுகிற வேலை. அது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பது, சாக்பீஸ் தூசியோடு வீட்டுக்கும் கூடவே வருகிற வேலை. மல்லசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கரும்பலகை முன்னால் நின்று தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

ஒரே குரல்

"புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று நாற்பது குரல் ஒன்றாக எழும். ஓட்டின்மேல் மழை இறங்குவது போல இருக்கும். அந்த அழகில் மயங்கி எத்தனையோ வருடம் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். நீங்களும் போயிருப்பீர்கள்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில், நாலாவது வரியில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். விடை தப்பு. அது தெரியாமலே "புரிஞ்சுதா?" என்றேன். அதே மழை. மணி அடித்த பிறகுதான் கவனித்தேன். வகுப்பு லீடர் கோகிலாவிடம், "ஏன் கண்ணு, ஒருத்தர்கூடச் சொல்லலை?" என்றேன்.

"புரியலைன்னு சொன்னா மறுபடியும் மொதல்ல இருந்து நடத்துவீங்களேங்க டீச்சர்."

மேலிருந்து கீழே

திருத்திய தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, அதிகம் எடுத்தவர் பெயரை முதலில் கூப்பிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். நானும் அப்படியே கொடுத்தேன். கட்டு மெலிய மெலிய வகுப்பு அடங்கிப்போகும். கடைசித் தாளுக்குப் பெயர்கூடக் கூப்பிட வேண்டாம். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

அந்த வருடம் கடைசித் தாள் மகேஸ்வரியுடையது. மூன்றாவது பெஞ்சின் ஓரம், இரட்டைப் பின்னல், பேச்சே கிடையாது. இரண்டாம் தேர்வுத் தாள் கொடுத்த அன்று அவள் வராததால், அது என் கையிலேயே தங்கிவிட்டது. மூன்றாவதுக்கும் அப்படியே. பிறகு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று தொடங்கி, கடைசியில் அவள் இடம் காலியாகவே கிடந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். கோகிலாதான் சொன்னாள்.

"பேப்பர் குடுக்கறன்னிக்கு அவ வரமாட்டாளுங்க. என்னிக்குக் குடுப்பீங்கன்னு தெரியாததால இப்ப எந்நாளும் வரமாட்டேங்கறா."

கீறல் முட்டை

அவள் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். மகேஸ்வரியும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"படிப்பு ஏறலீங்க டீச்சர். டி.சி. வாங்கிக்கறோம். எங்கூடவே வேலைக்கு வரட்டும்" என்றார் அம்மா. நான் என்னென்னவோ சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை. நடுநடுவே ஒரு முட்டையை வெளிச்சத்தில் பார்த்து, சத்தமில்லாமல் காலடியில் இருந்த வேறு அட்டையில் வைத்தார். பேச்சு தீர்ந்துபோய், அது என்ன என்று கேட்டேன்.

"கீறல் விட்டதுங்க. ஓரமா எடுத்து வெச்சு, அதைத்தான் மொதல்ல சமையலுக்கு அனுப்புவோம். கீறல்னு எல்லாருக்குமா தூக்கிக் காட்டுவாங்க?"

மூடிய கண்கள்

அவர் முட்டையைப் பற்றித்தான் பேசினார். எனக்குத்தான் முகம் சுட்டது. இனி யார் தாளையும் வரிசை போட்டுக் கொடுக்கமாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். அரையாண்டு வரைக்கும் அனுப்பிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் விட்டேன். எல்லோரும் பெஞ்சில் தலை கவிழ்ந்து கண்ணை மூட வேண்டும். புரியவில்லை என்றால் ஒரு விரல், பாதி புரிந்தால் இரண்டு, அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியும் என்றால் மூன்று. முதல் நாள் எழுந்த ஒற்றை விரல்களைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகேஸ்வரி இரண்டு நாள் கையே தூக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு விரல் எழுந்தது, முழுதாக நிமிராமல். அந்த நேரம் பார்த்து அறிவியல் டீச்சர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், மொத்த வகுப்பையும் தூங்க வெச்சுட்டீங்களா? எங்க எட்டாம் வகுப்பையும் கொஞ்சம் பாத்துக்கங்க."

பிஸ்கெட் டப்பா

மணி அடிப்பதற்கு முன், அன்றைக்குப் புரியாததைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவில் போடச் சொன்னேன். பெயர் வேண்டாம். "மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்?" என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள். "சாப்பிட்ட உடனே கணக்கு வேண்டாம்" என்று ஒருவர். அடியில் ஒரு சீட்டு, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. தாள் திருத்திப் பழகிய கண்ணுக்குக் கையெழுத்தும் ஒரு முகம்தான்.

"பேப்பர் குடுக்கற நாளை முன்னாடியே சொல்லிருங்க டீச்சர். அன்னிக்கு மட்டும் லீவு போட்டுக்கறேன். மத்த நாள் வாரேன்."

வெள்ளிக்கிழமை

கேட்டபடியே திங்களன்று பலகை ஓரத்தில் எழுதினேன்: "வெள்ளி, தாள்." இம்முறை தாளில் மதிப்பெண் போடவில்லை. எது சரி, எங்கே சறுக்கியது என்று மட்டும் எழுதினேன். மகேஸ்வரிக்கு: "மூன்று வரி சரி. நாலாவதில் குறி மாறிவிட்டது. இதே தப்பை நானும் பலகையில் போட்டேன்."

வெள்ளியன்று மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலி. கட்டைக் கலைத்து, பெஞ்ச் பெஞ்சாகக் கொடுத்து வந்தேன். கடைசியில் அவள் தாள் மட்டும் கையில் நின்றபோது, வாசலில் மூச்சு வாங்க அவளே நின்றாள். பழக்க தோஷம், எல்லாத் தலையும் திரும்பியது. "அப்புறமா ஸ்டாஃப் ரூமுக்கு வா கண்ணு" என்றேன். அவள் நேரே வந்து கையை நீட்டினாள். நின்றபடியே படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்து, வகுப்பே கேட்கும்படி, முதல் தடவையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுது யாருங்க டீச்சர் திருத்துனது?"

அரையாண்டு வந்து போனது, டி.சி. கேட்டு யாரும் வரவில்லை. முப்பத்தோரு வருடம் கேள்வி கேட்டே காலம் தள்ளிய நான், அன்று பதில் தெரியாமல் நின்றதற்கு யாரும் மதிப்பெண் போடாததுதான் என் நல்ல காலம்.