தாத்தாவின் சிவப்புக் கோட்டு

பங்குனி வெயிலில் தடித்த கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்த முட்டாள் நான்தான். பார்த்தவர்கள் குளிர்க்காய்ச்சல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு இருந்தது பொறாமை. அதற்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது.

தோட்டத்து லயத்தில் ஒற்றைச் சுவருக்கு அந்தப்புறம் குடியிருக்கும் பக்கத்துக் காம்பராக்காரனிடமிருந்து தொற்றிய நோய் அது. அவனும் என்னைப் போல ரப்பர்ப் பால் வெட்டுகிறவன்தான். ஆனால் அவன் அப்பா, பெரிய சண்டையில் பஸ்ரா வரைக்கும் போய்வந்த பட்டாளத்துக்காரர். அவர் விட்டுப்போன மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு அவன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றால், ஆளெடுக்க வரும் துரையே தொப்பியைத் தொடுவார். என்னைக் கண்டால் மூக்கைத் தொடுவார். ரப்பர்ப் பால் நாற்றமாம். அவனுக்கும் அதே நாற்றம்தானே!

மாரியம்மன் திருவிழா ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடிப்பதும் அவனே. "பட்டாளத்து ரத்தம், நடையே வேற" என்று என் சம்சாரம் சொன்னாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நம் வம்சத்தில் மட்டும் ஒரு சிப்பாய் இல்லாமலா போவான்? செத்துப்போன தாத்தாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் மடிந்து கிடந்தது சிவப்புக் கோட்டு. பித்தளைப் பொத்தான், பொத்தானில் கிரீடம்! முதுகில் ஓர் ஓட்டை.

"பாத்தியா, குண்டு பட்ட எடம்!"

சம்சாரம் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். "முதுகுலயா? ஓடுறப்ப சுட்டுருப்பாங்க. உங்க வம்சந்தான், சந்தேகமே இல்ல."

கோட்டோடு, திருவிழாவை முன்னின்று நடத்தும் கங்காணியிடம் போனேன். "நாங்களும் பட்டாளத்துக் குடும்பந்தாங்க. இந்த வருஷம் கொடிய எனக்குக் குடுங்க."

அவர் பொத்தானைத் தடவினார். "டவுன்ல துணிக்கடை நானாவுக்கு உன் தாத்தாவ நல்லாத் தெரியும். அவரு வாயால சொல்லட்டும், கொடி உனக்கு."

சாட்சிக்குப் பக்கத்துக் காம்பராக்காரனையே கூட அனுப்பினார். மெடலோடு வந்தான், பாவி.

கடையில் நானா கோட்டைக் கழற்றச் சொன்னார். காலரைத் திருப்பிப் பார்த்ததும் அந்தக் கிழ முகம் மலர்ந்தது. எனக்குக் கொடி கைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"எங்க வாப்பா வித்த சாமான்! வெள்ளக்காரச் சிப்பாய்மாரு போட்டுக் கழிச்சத, கொழும்புல ஏலத்துல எடுத்துப் பொதி பொதியாக் கொண்டாந்தாரு. அப்பெல்லாம் மழைக்குத் தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இதத்தான் போட்டாங்க. முதுகுல ஓட்டைன்னு சொல்லி ஒங்க தாத்தா வெலயக் கொறைச்சு வாங்கினாரு."

பக்கத்துக் காம்பராக்காரன் துண்டு முனையால் மெடலைத் துடைக்க ஆரம்பித்தான். வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

எனக்கோ ஆசை விடவில்லை. "அது சரிங்க நானா, எங்க தாத்தா பட்டாளத்துக்குப் போனாரா, இல்லையா?"

நானா கோட்டை மடித்து என் கையில் வைத்தார்.

"கோட்டு மட்டும் போயிருக்கு."