நகம் வெட்ட வந்த முயல்

1. டேபிள் மேல்

எழுபதுகளின் கடைசியில் புனே கேம்ப் பக்கம் ஒரு சின்ன வெட்னரி கிளினிக்கில் நான் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்குவேன், டிரெஸ்ஸிங் கட்டுவேன். முக்கியமான வேலை, டாக்டர் ஊசி போடும்போது மிருகத்தைப் பிடித்துக்கொள்வது. ராணுவ அதிகாரிகளின் அல்சேஷன் நாய்களே என் பிடியில் அசையாது. “ரெஜினா இருந்தா கயிறு எதுக்கு?” என்று டாக்டர் மராத்தியில் சொல்லிச் சிரிப்பார். ஏழு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

ஒரு சனிக்கிழமை வானவடி குவார்ட்டர்ஸிலிருந்து சாரதா அக்கா கூடையில் ஒரு வெள்ளை முயலோடு வந்தார். வேலூர்க்காரர். கணவர் அண்ணாமலை ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பர். முயலின் பெயர் ராணி. நகம் வளர்ந்து பாயில் மாட்டிக்கொள்கிறதாம். நீயே வெட்டிவிடு என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

எனக்கு முயலும் ஒரு சின்ன நாய்தான். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினேன். பின்னங்கால்கள் அந்தரத்தில் தொங்கின. ஒரே ஓர் உதை உதைத்தது. அவரைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு அசையவே இல்லை. நகம் வெட்ட வசதியாகப் போயிற்று.

“சிஸ்டர் கை பட்டதும் எப்டி அடங்கிடுச்சி பாரு!” என்றார் சாரதா அக்கா. நானும் பெருமையாகச் சிரித்தேன்.

2. திங்கட்கிழமை

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தார்கள். ராணியின் பின்பாதி ஈரத்துணி மாதிரி தொங்கியது. டாக்டர் கால் விரலைக் கிள்ளினார். அது காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“கான் பகட்கே உட்டாயா க்யா?” என்றார். காதைப் பிடித்துத் தூக்கினீர்களா என்று கேட்கிறார்.

சாரதா அக்கா கணவர் பக்கம் திரும்பினார். “சனிக்கிழம வூட்டுக்கு வந்ததுலர்ந்து பயந்துகினு மூலையில உக்காந்திருந்துச்சி. நேத்து கூண்டு களுவறேன்னு நீங்கதான தூக்கினீங்க?”

“மெதுவாத்தான் தூக்கினேன். காதத் தொடவே இல்ல சாரதா.”

“மெதுவா தூக்கினா இடுப்பு போய்டுமா?”

டாக்டர் விளக்கினார். முயலுக்கு எலும்பு மெல்லிசு, பின்னங்காலில் பலம் அதிகம். பின்பக்கத்துக்குக் கை கொடுக்காமல் தூக்கினால், உதைக்கிற உதையில் தன் முதுகெலும்பைத் தானே ஒடித்துக்கொள்ளும். இது எனக்கு அதுவரை தெரியாது. சனிக்கிழமை கேட்ட சத்தம் என்னவென்று புரிந்துவிட்டது. கையில் ஊசி டிரேயோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ஸ்டீராய்டும் பி காம்ப்ளெக்ஸும் போட்டார். இரண்டு வாரம் பார்க்கலாம், கால் திரும்பாவிட்டால் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவதுதான் அதற்கு நல்லது என்றார்.

3. இரண்டு வாரம்

ராணிக்குத் தானாக மூத்திரம் போகாது. அடிவயிற்றை இதமாக அமுக்கி எடுக்க வேண்டும். நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் மழைத் தூறலில் சைக்கிள் மிதித்து வானவடிக்குப் போனேன். அமுக்கி எடுத்து, வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, கோணிமேல் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பேன். அந்த ஈரச் சாலையும், இரண்டு பக்கமும் நின்ற ஆலமரங்களும் இன்றும் கண்ணிலேயே நிற்கின்றன.

சாரதா அக்கா எனக்குக் காப்பியும் சூடாக அடையும் தருவார். கணவருக்குத் தட்டை ‘ணங்’கென்று வைப்பார். பேச்சே கிடையாது. அவர் தினமும் மார்க்கெட்டிலிருந்து லசூன் காஸ், அதாவது நம் குதிரை மசால் புல், வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டு அப்படியே ஒதுங்கிக்கொள்வார். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போவேன். வேலை போய்விடுமே, பெயர் கெட்டுவிடுமே என்று சொல்லாமலே திரும்புவேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராணியின் பின்னங்கால் விரலைக் கிள்ளினேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. சாரதா அக்கா அழுதேவிட்டார்.

“இன்னாங்க, கால இழுக்குது! வந்து பாருங்க. போனது போவட்டும், நான் எதையும் மனசுல வெச்சிக்கல.”

அண்ணாமலை அண்ணன் வாசலிலேயே நின்றார். “நான் வர்ல சாரதா. என் கை பட்டு மறுபடி எதுனா ஆய்டப் போவுது.”

இதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அக்கா, அண்ணன் ஒண்ணும் பண்ணல. சனிக்கிழமை டேபிள் மேல நான் தூக்கினப்பவே ஒடிஞ்சிருச்சு. டாக்டர் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பயந்துட்டு சொல்லல.”

சாரதா அக்கா என்னைத் திட்டவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார்.

“அப்ப நான் இல்லியாம்மா?” என்று அவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். “யோசிச்சி யோசிச்சி, காதத்தான் புடிச்சிருப்பேன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.”

மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். காது கிழியத் திட்டினார், வேலையைவிட்டு அனுப்பவில்லை. ராணி கோணல் நடையோடு மூன்று வருஷம் இருந்தது. இப்போது கிளினிக் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முயலைத் தூக்கும்போது பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுங்கள். தவறிவிட்டால் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். நான் பதிமூன்று நாள் சொல்லாமல் இருந்ததில், ஒரு நல்ல மனிதர் தான் தொடாத காதைத் தொட்டதாகவே நம்பிவிட்டார்.