இராயப்பனின் சுத்தபோசனம்

இடது கையில் இரண்டு முட்டை, வலது கையில் இரண்டு முட்டை. நான்கையும் ஒரே தட்டலில் சூடான கல்லின் மேல் உடைத்துவிட்டு, ஓடுகளைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருக்கும் வாளிக்குள் எறிகிறான் இராயப்பன். அது தவறியதே இல்லை. ரொட்டித் துண்டுகளும் கோவா, லீக்ஸ் மரக்கறியும் முட்டையும் சேர்ந்து புகை கிளம்பும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுக்கிறான். உப்பை மட்டும் அவன் ருசி பார்ப்பதில்லை. கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து முதலாளி நப்லானிடம் நீட்டுகிறான்.

"நானா, உப்பு?"

நப்லான் வாயில் போட்டு மென்றுவிட்டு, "சரி, எறக்கு" என்றால்தான் கொத்து ரொட்டி தட்டுக்குப் போகும்.

தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளிப் பெருந்தெருவோரம் இருக்கிறது கடை. நாலா பக்கத்திலிருந்தும் வரும் லொறிக்காரர்கள் அங்கே நிறுத்துவதே முட்டைக் கொத்துக்காகத்தான். கொத்துகிறவனின் வாயில் முட்டை பட்டு மூன்று வருஷமாகப் போகிறது என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். முட்டை மட்டுமா? இறைச்சி இல்லை, மீன் இல்லை, கருவாடு இல்லை, பால் தயிர் இல்லை. சம்பலில் மாசிக் கருவாட்டுத் துகள் கிடந்தால்கூடத் தட்டைத் தள்ளிவிடுவான். சோறு, பருப்பு, லொறிக்காரர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகும் கத்தரிக்காய், பிளேன்டீ. இவ்வளவுதான் அவன் சாப்பாடு.

அவனுக்கு வயது முப்பத்து மூன்று. தலையில் கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீசை போய்விட்டது, புருவமும் பாதி போய்விட்டது. முகம் வெளிறி மஞ்சள் தட்டியிருக்கிறது. ஆனால் கைகள் நேர்மாறு. விரல் முட்டிகள் கறுத்து, உள்ளங்கை ரேகைகளிலும் மை இறங்கின மாதிரிக் கறுப்பு. வாயோரம் வெடித்து ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் சிங்களக் கண்டக்டர் யாராவது ஓர் இளவட்டத்தை எழுப்பிவிட்டு, "வாடிவென்ன சீயா" என்று இடம் பிடித்துக் கொடுக்கிறான். தாத்தாவாம்! முதல் தடவை இராயப்பன் சிரித்தான். இப்போது பேசாமல் உட்கார்ந்துகொள்கிறான், ஏனென்றால் நின்று வரக் கால் கேட்பதில்லை.

அவன் மனைவி டயனா வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். போன புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பேசவில்லை. அடுத்ததும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன், வேறு வீட்டுக்கு மாற்றியிருப்பார்கள் என்றான். அதற்கப்புறம் அவனும் போன் எடுப்பதை விட்டுவிட்டான். இராயப்பன் வஹக்கோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போனான். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் அல்லவா? அவர் காலடியில் முழங்காலில் நின்று ஒரு நேர்த்தி வைத்தான். டயனா திரும்பி வந்து தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கால் வைக்கிற வரைக்கும் சுத்தபோசனம்.

கத்தோலிக்க வேதக்காரர்களுக்குச் சுத்தபோசனம் புதிதல்ல. வெள்ளிக்கிழமையிலும் தவக்காலத்திலும் இறைச்சியை விடுவார்கள், அவ்வளவுதான். மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடுவார்கள். இந்த மனுஷன் அதை இழுத்து நீட்டி, உயிருள்ள எதிலிருந்தும் வருகிற எதுவும் வேண்டாம் என்று ஆக்கிக்கொண்டான். பங்குச் சாமியார் கிறிஸ்டியன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முட்டையும் பாலும் சுத்தபோசனத்துல சேராதுன்னு ஒனக்குத் தெரியாதா ராயப்பன்? யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல ஃபாதர். பெரிய காரியம் கேட்டேன். கொஞ்சமா விட்டுட்டு நெறைய கேட்டா எப்பிடி?"



முதலில் நரைத்தது காதோரம். கவலை என்றார்கள். பிறகு கை கறுத்தது. அடுப்புப் புகை என்றார்கள். பிறகு ஒருநாள் கடைக்கு ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றான். மற்றது எங்கே கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. தார் ரோட்டின் சூடும் காலில் ஏறியிருக்கவில்லை. அன்றைக்கு நப்லான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவனைக் கையோடு கிளினிக்குக்கு இழுத்துப் போனார்.

டொக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கையைப் புரட்டிப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பி-பன்னிரண்டு என்ற சத்துக் குறைந்திருக்கலாம், ரத்தம் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும், ஆனால் கால் இப்படி இருக்கும்போது காத்திருக்காமல் ஊசியைத் தொடங்கிவிடலாம் என்றார். முடி கறுக்குமா என்று சொல்ல முடியாது, கைக் கறுப்பு மெல்ல மாறலாம். காலைத்தான் தள்ளிப்போட முடியாது, விட்டால் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடலாம். தம்புள்ளைச் சந்தையின் மரக்கறி முழுவதையும் தின்றாலும் இந்தச் சத்துக் கிடைக்காதாம்.

இராயப்பன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு ஊசி அறைக்குள் போனான். சட்டைக் கையையும் மடித்தாயிற்று. ஊசி போட வந்த ஹிதாயா மிஸ் தங்கமான மனுஷி. ஆள் பயப்படுகிறான் என்று நினைத்து ஆறுதலாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. ஈரல்லயும் முட்டையிலயும் ஈக்கிற சத்துத்தான் இது. நீங்க வாயால சாப்புடாதத நாங்க ஊசியால குடுக்குறோம்."

"அப்ப... ஈரலு சாப்புடுற மாதிரியா மிஸ்?"

"அதேதான்! அதவிட நல்லது."

இராயப்பன் மடித்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "இன்னொரு நாளைக்கி வாறேன் மிஸ்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியுமா? உலகத்தில் வேறு எந்த நோயாளிக்கும் அந்தப் பேச்சு தைரியம்தான் கொடுத்திருக்கும்.

நப்லான் கத்தினார். "ஹலால் ஹராமெல்லாம் எங்களுக்குத்தாண்டா! ஒனக்கு முட்டைய ஹராமாக்கினது யாரு?" கடைசியில் சாமியாரையே கடைக்கு அழைத்து வந்தார். தனக்கு அதிகாரம் உண்டென்றும், அந்த நேர்த்தியிலிருந்து அவனை அப்போதே விடுவிப்பதாகவும் கிறிஸ்டியன் சாமியார் கல்லுக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் வரைந்து சொன்னார். இராயப்பன் தலை குனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டான். அன்றைக்கும் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டான்.

"ஃபாதர் விட்டுட்டாரு, நானா. நான்தான் விடல," என்று சாயங்காலம் நப்லானிடம் சொன்னான். "செத்த வீட்டுலதான் துக்க நாள் முடிச்சு மீன் மச்சம் சமைப்பாங்க. நான் இன்னைக்கி முட்டைய தின்னுட்டா, அவளுக்கு நாள் முடிச்சிட்டேன்னு அர்த்தம்."

நப்லான் அதற்குப் பிறகு கத்தவில்லை. ஒரு மனிதனை நல்லது சொல்லிக் காப்பாற்றிவிடலாம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது எவ்வளவு பெரிய பொய் என்று அவருக்கு அன்றைக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கொத்துச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் லொறிக்காரர்கள் உண்டு. இராயப்பனின் கொத்துத் தகடுகள் ஒரு காலத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவனையும் பசியோடு திரும்ப வைத்தன. இப்போது தாளத்தின் நடுவில் ஓர் அடி பிசகுகிறது. தகடு நழுவினால் கை அதை உடனே அறிவதில்லை. அவன் கையைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் சாப்பிடாமலே எழுந்து போனது. கையுறை மாட்டிப் பார்த்தார்கள், கல்லின் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டது. பிறகு நப்லான் கல்லுக்கு முன்னால் ஒரு சோடா விளம்பரப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்துக்குத் தகப்பனைப் பார்க்கப் போயிருந்தான். கிழவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். இவன் வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். படத்தோடு வருகிற அழைப்பு. தொட்டான்.

டயனா. இளைத்திருந்தாள். தலை மட்டும் போனபோது இருந்தபடியே கன்னங்கரேலென்று இருந்தது.

"மாமா! நான் டயனா பேசுறேன் மாமா! சொகமா இருக்கீங்களா? அவர் இல்லிங்களா? சுருக்கா அவர்கிட்ட குடுங்க மாமா, இது வேற ஆளோட போனு."

அவள் தன் மாமனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இரும்மா," என்றான், கிழவரைப் போலவே. கைபேசியைத் தகரக் கூரைப் பக்கம் திருப்பினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு தன் குரலில் கூப்பிட்டான்.

"டயனா."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்களாம். போனையும் பறித்துவிட்டார்களாம். எப்போது விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதாம்.

"நீங்க ஒழுங்கா சாப்புடுறீங்களா?"

"சாப்புடுறேன் புள்ள."

"எங்க, மூஞ்சிய காட்டுங்க. தகரந்தான் தெரியுது."

"லைன் சரியில்ல புள்ள. நீ பேசு," என்று சொல்லிவிட்டு, இராயப்பன் கட்டைவிரலால் கமராவின் கண்ணை அழுத்தி மூடிக்கொண்டான்.