என் கணவர் காருக்குக் கம்ப்யூட்டர் பார்த்த கதை

என் கணவருக்கு திருவனந்தபுரம் ஆரியசாலையில் புளி, மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வத்தலை எடுத்துப் பார்த்தால், வேண்டும் வேண்டாம் என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் தன் காருக்குக் கையளவு பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நான்கு மாதமும் நான் அவரோடு அதே வீட்டில் இருந்தேன். அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

கார் கரமனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு டாக்டருடையது. மகளோடு இருக்க வெளிநாட்டுக்குப் போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனார். இருபது வயது தாண்டிய பெட்ரோல் கார், டர்போ வைத்தது. டர்போ என்றால் என்னவென்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இவர் விளக்குவார். "இன்ஜின்லேருந்து வெளிய போற புகை ஒரு காத்தாடியச் சுத்தும். அது அடுத்த காத்தாடியச் சுத்தும். அது வெளிக்காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா பெட்ரோலும் கூட எரிக்கலாம், சக்தி கூடும்." கையைச் சுற்றிக் காட்டும்போது காப்பித் தம்ளரும் சேர்ந்து சுற்றும். இத்தனை சக்தியையும் வைத்துக்கொண்டு அவர் போகிற வேகம் நாற்பது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போவார்கள். "போகட்டும். நமக்கு டர்போ இருக்கு" என்பார்.

நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஒரு விடுமுறை நாளில் நாங்களும் என் தம்பியும் பொன்முடிக்குப் போனோம். பாதி மலை ஏறியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அப்படியே அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மூடுபனி இறங்கி, காரின் முன்பக்கமே சரியாகத் தெரியாத நேரம். எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "எந்தா சேட்டா, வண்டி நின்னுபோயோ?" என்று கேட்டார்.

"ஏய், இல்ல. காழ்ச்ச காணுகயா" என்றார் என் கணவர். இயற்கைக் காட்சி பார்க்கிறோமாம்.

டிரைவர் சுற்றிலும் இருந்த வெள்ளையை ஒருமுறை பார்த்தார். எங்களைப் பார்த்தார். கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து, கார் ஆறியபின் தானாகவே ஸ்டார்ட் ஆனது. கீழே இறங்கும்வரை என் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கரமனையில் எங்கள் மெக்கானிக் மலையாளி. ஆரியசாலைத் தமிழ்க் கடைக்காரர்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழும் வரும். முன் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தவர், "சாரே, இது போயி" என்றார். ஏசி தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டு, உள்ளேயே சொட்டிச் சொட்டிக் காரின் கம்ப்யூட்டரை நனைத்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்தான் இன்ஜினுக்கு எஜமான். இவ்வளவு காற்று வந்தால் இவ்வளவு பெட்ரோல், தீப்பொறி இந்தக் கணத்தில், டர்போ அழுத்தம் இதற்குமேல் கூடாது என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். திறந்தால் உள்ளே பச்சைப் பாசி பிடித்தாற்போல் இருந்தது.

ஒரு டிவி மெக்கானிக்கைப் பிடித்துச் சுரண்டிப் பற்றவைத்தோம். இரண்டு வாரம் ஓடியது. பிறகு வேறு ஊரில் உடைத்த கார் ஒன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வரவழைத்தோம். ஒயர் எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஆனால் அது எங்கள் சாவியைத் திருடனின் சாவி என்று முடிவுகட்டி, காரை ஸ்டார்ட் ஆகவே விடவில்லை. புதுசு எங்கேயும் இல்லை. அந்தக் காரைச் செய்தவர்களே அதை மறந்து பல வருடமாகிறது.

"இனி ஒரு வழியே உள்ளூ, ஒண்ணே ஒண்ணு" என்றார் மெக்கானிக். "புதிய பெட்டி வெக்கணும். அது சும்மா வெறும் ஸ்லேட்டு மாதிரியாக்கும். இந்த இன்ஜினுக்கு வேண்டியது மொத்தம் நம்ம படிப்பிச்சுக் கொடுக்கணும்."

அன்றைக்கு என் வீட்டின் நிம்மதி போனது. அப்படிப்பட்ட பெட்டிகள் உலகத்தில் எத்தனையோ வகை. என் தம்பிக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஐடி வேலை. அவன் தினமும் இவருக்கு வீடியோ அனுப்பினான். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கார் பின்னால் நெருப்புக் கக்கிக்கொண்டு பாய்ந்தது. கடையில் ஆர்டர் எழுதுகிற நோட்டில் இவர் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். நான் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். "குண்டூர் வத்தல் முப்பது மூட்டை" என்பதற்குக் கீழே, "நின்ன இடத்திலிருந்து பாயும் வசதி" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, "ஆக்சிலேட்டரை விட்டாலும் டர்போ சுத்தணும். பின்னால் வெடிச்சத்தம் (விருப்பப்பட்டால்)".

"வெடிச்சத்தம் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"விருப்பப்பட்டான்னு போட்டிருக்கே."

"யாரு விருப்பப்பட?"

நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் தம்பி சொன்ன பெட்டிதான் இருப்பதிலேயே பெரியது. பந்தயக் காருக்கு வைப்பது. எட்டு நிறத்தில் ஒரு திரையும் கூட வரும். இரவல் லேப்டாப்பில் அதன் படத்தை இவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஒருநாள் சாயங்காலம் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "நாப்பதுல போற மனுசனுக்கு இது எதுக்கு? சொல்லுங்க."

அவர் லேப்டாப்பை மூடிவைத்தார். பிறகு சொன்னார்: "இஞ்ச பாரு. கடை அப்பா வச்சது. வியாபாரமும் அவ்வோ சொல்லிவச்சதுதான். இந்த வீடு உங்க மாமா பாத்தது. முதல் ஸ்கூட்டர் அண்ணன் ஓட்டிப் பழசானது. வாழ்க்கையில ஒரு சாதனத்தையாவது நானா பாத்து எடுக்கணும்னு இருக்கு."

"என்னையுமா நீங்க பாத்து எடுக்கல்ல?"

"உன்னை அம்மையும் சித்தியும்தான் பாத்தாவ. நான் அன்னைக்குக் கடையில சரக்கு எறக்கிட்டிருந்தேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை நான் கிண்டல் செய்யவில்லை. குறைவாகச் செய்தேன் என்று சொல்வதுதான் சரி.

பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது, அதற்குப் பாடம் நடத்த ஆள் வேண்டும். மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னார். அவரோடு ஆட்டோவில் வந்து இறங்கியவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் ஒரு பை. என் கணவர் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்ஜினியர் வரல்லியா?"

"வந்தாச்சு அண்ணாச்சி. நான்தான்."

பாறசாலைப் பக்கத்துக்காரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு இதற்கு வந்துவிட்டாளாம். கார்க் கதவைத் திறந்ததும் நான்கு தும்மல் போட்டாள். அந்தக் காரில் எப்போதும் கொஞ்சம் வத்தல் தூள் இருக்கும், எங்களுக்குப் பழகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, "உங்களுக்கு என்னெல்லாம் வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

என் கணவர் நோட்டை எடுத்து முழுவதையும் வாசித்தார். அவள் நடுவில் குறுக்கிடவில்லை, சிரிக்கவும் இல்லை. முடிந்ததும் கேட்டாள்:

"ரேசுக்குப் போவியளா அண்ணாச்சி?"

"இல்ல."

"வண்டி எங்கெல்லாம் போகும்?"

"கடைக்கு. அப்புறம் நாகர்கோயிலுக்கு, கல்யாணம் காட்சின்னா. பொன்முடி."

"ஏசி போடுவியளா?"

"அது இல்லாம எப்பிடி?"

"அப்போ முதல்ல வேண்டியது, ஏசி போட்டா வண்டி சிக்னல்ல நிக்கும்போது அடங்கிப் போகாம இருக்கணும். டர்போ அழுத்தத்தை ஒழுங்கா வைக்கணும். இன்ஜின் உள்ள தட்டுற சத்தம் கேட்டா அதுவே சக்தியக் குறைச்சுக்கிடணும். சூடானா ஃபேன் போடணும். பழைய ஒயரை வெட்டாம அதே பிளக்குல மாட்டணும். இது அஞ்சும் போதும். சின்னப் பெட்டியே செய்யும்."

"பெரிசு?"

"அதுவும் செய்யும். பெரிசு நான் ஒரே ஒரு வண்டிக்குச் செஞ்சிருக்கேன். சின்னது பதினொண்ணு. எது வேணும்னாலும் வையுங்க, நான் வருவேன். ஆனா தெரிஞ்சதைச் சொல்லணும்லா."

அவள் போனபின் இவர் இரண்டு நாள் யாரிடமும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. என் தம்பியின் வீடியோக்களுக்குக் கட்டைவிரல் கூடக் காட்டவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கடையிலிருந்து என் பள்ளிக்கே போன் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எடுத்தேன்.

"சின்னதுதான்" என்றார்.

"ஏன்?"

"புளி நூறு பேர் விக்கான். நான் யார்கிட்ட வாங்குகேன்? சரக்கு கெட்டா கூப்பிட்டதும் போனை எடுக்கவன்கிட்டதானே. பெட்டி எதுவா இருந்தா என்ன, வழியில நின்னா கூப்பிட ஆள் வேணும். அந்தப் பிள்ளை எடுப்பா." பிறகு கொஞ்சம் தயங்கி, "நானா யோசிச்சதாக்கும்" என்றார்.

தம்பிக்குத்தான் வருத்தம். "அத்தான், ஃபியூச்சர் புரூஃபா இருந்திருக்கும்" என்று ஒரு வாரம் புலம்பினான். "மக்கா, வண்டிக்கே ஃபியூச்சர் இல்ல" என்று இவர் முடித்துவிட்டார்.

பெட்டி வந்து, பட்டறையில் நான்கு நாள் வேலை நடந்தது. புகைக்குழாயில் ஒரு சென்சாரும் வைத்தார்கள். எரிந்த கலவையில் பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று அது சொல்லும். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது கார் இருமியது, கறுப்பாய்ப் புகை விட்டது, நின்றது. என் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் லேப்டாப்பில் ஏதோ இரண்டு எண்களை மாற்றினாள். அடுத்த முறை பிடித்தது. நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது. இவர் பானெட்டின் மேல் கையை வைத்தார், எடுக்கவேயில்லை.

பாடம் நடத்துவது ரோட்டில். ஒரு ஞாயிறு காலை பைபாஸுக்குப் போனோம். இவர் ஓட்ட, அவள் பக்கத்தில் லேப்டாப்போடு, நான் பின்னால். மூன்றாவது கியரில், இன்ஜினை மூவாயிரம் சுற்றில் அப்படியே நிறுத்தி வைக்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, காலை எடுக்காதீங்க."

"நாய் நிக்கி."

"அது அங்கல்லா நிக்கி."

"குறுக்க வந்துட்டுன்னா?"

நாய் வரவில்லை. பிறகு ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டார், எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸுக்கு. பிறகு ஒரு வேகத்தடை, அதற்குப் பிறகு வேகத்தடை என்று அவர் நினைத்த ஒரு நிழல். ஒரு மணி நேரத்தில் எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் இருந்த அட்டவணையில் நான்கு கட்டம்தான் நிறைந்திருந்தது. அவள் மிகவும் மரியாதையாகத் திரும்பி, "டீச்சர் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

இந்தக் காரை அதுவரை நான் தொட்டதில்லை. அவர் கொடுத்ததில்லை என்பதுதான் உண்மை. இறங்கினார், பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் மூன்றாவது கியர் போட்டு, அவள் சொன்ன இடத்தில் காலை வைத்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய விசில் சத்தம் கேட்டது. யாரோ முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாற்போல் கார் போனது. என்னையறியாமல் ஓர் ஒலி என் வாயிலிருந்து வந்தது. வகுப்பறையில் அப்படி ஒரு சத்தம் வந்தால் மாணவிகளை வெளியே அனுப்புவேன்.

"அதே, அதே, பிடிங்க டீச்சர்" என்றாள் அவள். திரையில் எண்கள் ஓடின. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் பதினாலரைப் பங்குக்குச் சற்று மேல் காற்று என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது கண்முன்னால் ஏறி இறங்குவதை அன்றுதான் பார்த்தேன். அழுத்தம் கூடும்போது பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் போய்விடும் என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு தலை எங்கள் இருவருக்கும் நடுவில் நீண்டது.

"இந்தச் சிவப்புக் கோடு என்னது?" என்றார் என் கணவர்.

அவள் விளக்கினாள். இன்னொரு கோட்டைக் கேட்டார். அதையும் விளக்கினாள். மத்தியானத்துக்குள் லேப்டாப் பின் சீட்டுக்குப் போய்விட்டது. அவர் எண்களை உரக்க வாசித்தார், அவள் மாற்றச் சொன்னதை மாற்றினார், நான் ஓட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. கார் இப்போது எந்த வெயிலிலும் நிற்பதில்லை. ஏசி போட்டால் சிக்னலில் லேசாய் ஒரு நடுக்கம் உண்டு. அதையும் எடுத்துத் தருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள், போன் செய்தால் எடுக்கவும் செய்கிறாள்.

ஓட்டுவதைவிட அந்த அட்டவணையைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலும். சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கிவிட்டார். கடையில் ஆள் இல்லாத நேரம் அதைத் திறந்துவைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். போன வாரம் என்னிடம் ஒரு பக்கத்தைக் காட்டினார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு பெட்ரோல் என்கிற அட்டவணை. கீழ்ப்பாதி வரிசைகளில் அவள் தோராயமாக ஏதோ எண்களைப் போட்டு வைத்திருந்தாள். பத்து டிகிரி, ஐந்து டிகிரி. திருவனந்தபுரத்தில் அவ்வளவு குளிர் ஏது? சரிபார்க்க வழியே இல்லையாம்.

"டிசம்பர்ல மூணாறு போவோம்" என்றார்.

"எத்தனை நாள்?"

"ராத்திரி வண்டிய வெளிய விடணும். காலம்பற ஒருக்க ஸ்டார்ட் பண்ணணும். ஒரு வரிசை ரொம்பும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஒசரத்துல போய் விட்டா அடுத்த வரிசை." விரலால் எண்ணினார். "அஞ்சு நாள் ஆகும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஐந்து நாள் எங்கேயாவது போகலாம் என்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. காரணத்தை நான் துருவவில்லை. மறுநாளே பள்ளியில் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்ட இடத்தில், குடும்ப விஷயம் என்று போட்டேன்.