குடை பிடித்த கை

டிராமுக்குள் நனைந்த குடைகள் மணக்கத் தொடங்கினால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். அந்த மணத்தோடு ஒரு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரும் என் நினைவில் ஏறிவிடுவார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஜெனீவாவில் நடந்த எங்கள் ஈழத்தமிழர் ஆர்ப்பாட்டத்தில் அவர் பேசினார். கொட்டுகிற மழை. பேசி முடியும்வரை அப்பாதான் குடை பிடித்தார். பத்திரிகையில் வந்த அவருடைய படத்தில் அப்பாவின் கை மட்டும் விழுந்திருந்தது. அப்பா அதற்குச் சட்டம் போட்டு, சூரிச் வீட்டில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் கொழுவினார். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்குக் காட்டுகிற சாம்பிராணி இவருக்கும் கிடைத்தது.

"உந்த மனிசன் தேர்தலிலயும் தோத்துப்போனார். கழட்டுங்கோவன்!" என்று அம்மா கத்துவார். அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு பதவித் தவணை இரண்டே வருடம்தான். அதன்பிறகு அவர் பழையபடி கார் விற்கப் போய்விட்டார்.

"அடுத்தமுறை வெல்லுவார்," என்பார் அப்பா. வீட்டுக்கு வந்தவர்களின் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை படத்தையே காட்டிக்கொண்டிருப்பார். "இந்தக் கை என்ரை."

இன்று டிராமில் பக்கத்தில் இருந்த அப்பாவிடம், அந்தக் காங்கிரஸ் உறுப்பினர் காலமான செய்தியைக் கைபேசியில் காட்டினேன். கார் வியாபாரம், ஒரு தவணை, தோல்வி எல்லாம் எழுதியிருந்தார்கள். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. படம் அதேதான். ஆனால் கையை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அப்பா திரையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"குடை எங்கடதானே!" என்றவர், எதிரே இருந்த சுவிஸ் பெண்மணியிடம் என் கைபேசியை நீட்டினார்.