மயில் மேல் படாத துப்பாக்கி

செட்டிகுளத்துப் பக்கம் வெங்காயம் வாங்கப் போனபோது ஒரு மக்காச்சோளக்காட்டுக்காரரைப் பார்த்தேன். ஒடுங்கிய கன்னம், நெற்றி நிறையத் திருநீறு. பம்புசெட்டு நிழலில் உட்கார்ந்து ஏர்கன் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டிருந்தார். அதை எடுத்துச் சுடுமுன் ஒவ்வொரு தடவையும் எதிரே தெரியும் முருகன் மலைக்கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாராம்.

"எல்லாரும் வேகம் கூட்டத்தான் ஸ்பிரிங் மாத்துவாங்க. நான் கொறைக்க மாத்துனேன் சார். முருகன் வாகனமாச்சே, பட்டுடக் கூடாதுல்ல. சத்தம் போதும்னு நெனச்சேன்."

"மயிலெல்லாம் ஓடிச்சா?"

"ஒரு வாரம் ஓடிச்சுங்க. இப்ப சுட்டா நின்னு பாத்துட்டு மறுபடி கொத்துது. ரெண்டு தடவ வெதச்சாச்சு, ஒரு முளை நிக்கல. மூணாவதுக்கு வூட்ல வெத இல்ல."

பேசிக்கொண்டே பழைய கடினமான ஸ்பிரிங்கைத் திரும்ப உள்ளே பொருத்தினார். எதிரே, இருண்ட மேகத்தின் கீழ், ஏழெட்டு மயில்கள் அவசரமில்லாமல் மேய்ந்தன. துப்பாக்கியை என் கையில் வைத்தார்.

"நீங்க வெளியூருதானே சார். ஒண்ணே ஒண்ணு அடிங்க. மத்தது இந்தப் பக்கம் வராது."

சட்டத்தை நினைத்துப் பயந்து, அதைக் கீழே வைத்தேன். அவருக்குக் கோபமில்லை.

"சரி விடுங்க. உங்களுக்கும் அவன் சாமிதானே."

நான் சாமி கும்பிடாதவன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.